சலைனுக்கும் அசையாத ஷாக்: தீவிர நோயிலுள்ள சிறு குழந்தையில் அட்ரினல் குறைபாட்டை எப்படிக் கண்டறிவது?

குழந்தைகள் ஐ.சி.யூ.வில் இரவுப் பணி பார்க்கும் ஓர் இளம் மருத்துவரின் கேள்வி இது: "செப்சிஸ் (உடலெங்கும் பரவிய தொற்று) என்று நினைத்து ஆன்டிபயாடிக் தொடங்கியாகிவிட்டது. சலைன் போதுமான அளவு போய்விட்டது, பிபி ஏற்றும் மருந்தான அட்ரினலினும் ஓடுகிறது. ஆனாலும் பிபி நிற்கவில்லை. அட்ரினல் குறைபாடாக இருக்குமோ என்று எப்படித் தெரிந்துகொள்வது? கார்ட்டிசால் எவ்வளவு இருந்தால் குறைவு?"

கேள்வியின் கடைசிப் பகுதியிலிருந்து தொடங்குகிறேன். கார்ட்டிசால் என்பது சிறுநீரகத்தின் மேல் உள்ள அட்ரினல் சுரப்பி உடல் அழுத்தத்தைச் சமாளிக்கச் சுரக்கும் ஹார்மோன். அதன் ரிசல்ட் பல ஊர்களில் அன்று மாலையோ மறுநாளோதான் கைக்கு வரும். ஷாக்கில், அதாவது ரத்த ஓட்டம் சரிந்த நிலையில், இருக்கும் குழந்தைக்கு முடிவெடுக்க நமக்கு இருப்பது சில நிமிடங்கள். ஆகவே இந்த நோயைக் கட்டிலருகிலேயே சந்தேகித்தாக வேண்டும். ரத்த சாம்பிளை எடுத்து வைத்துவிட்டு, உடனே ஹைட்ரோகார்ட்டிசோன் (மருந்து வடிவக் கார்ட்டிசால்) போட்டுவிட வேண்டும். தொடர்வதா, நிறுத்துவதா என்பதை எண் வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம். தேவையில்லாத குழந்தைக்கு ஒரு டோஸ் போய்விட்டால் சர்க்கரை கொஞ்சம் ஏறலாம், அவ்வளவுதான். தேவைப்பட்ட குழந்தைக்குப் போடாமல் விட்டால் உயிர் போய்விடும்.

ஒரே பெயரில் இரண்டு சங்கதிகள் கலந்து பேசப்படுவதையும் முதலிலேயே பிரித்துவிட வேண்டும். ஒன்று, சுரப்பியோ, மூளையின் அடியிலிருந்து அதை ஏவும் பிட்யூட்டரிச் சுரப்பியோ உண்மையிலேயே வேலை செய்யாத குழந்தை. பிறவி அட்ரினல் மிகைவளர்ச்சி (கார்ட்டிசால் தயாரிக்கும் நொதி பிறவியிலேயே குறைந்த நோய்), பிட்யூட்டரி குறைபாடு, மாதக்கணக்கில் ஸ்டீராய்டு எடுத்துத் திடீரென நிறுத்தியது எல்லாம் இதில் சேரும். இங்கே ஹைட்ரோகார்ட்டிசோன் உயிர்காக்கும் மருந்து. அதில் விவாதமே இல்லை. இன்னொன்று, நேற்றுவரை நன்றாக இருந்த குழந்தை கடும் செப்சிஸில் விழுந்து, அந்த அழுத்தத்துக்கு ஈடுகொடுக்கும் அளவுக்குக் கார்ட்டிசால் சுரக்காமல் போவது, அல்லது சுரந்தும் திசுக்களில் வேலை செய்யாமல் போவது. தீவிர நோய் சார்ந்த கார்ட்டிகோஸ்டீராய்டு போதாமை என்று 2008-ல் இதற்குத் தனிப் பெயரே வைத்தார்கள். இங்கே சிகிச்சையின் பலன் இன்னும் சர்ச்சையில்தான் இருக்கிறது. முதல் வகையைத் தவறவிடக் கூடாது. இரண்டாவதில் அளந்து நடக்க வேண்டும். இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் ஓர் இடத்தில் எல்லாக் குழந்தைக்கும் ஸ்டீராய்டு போகிறது, இன்னோர் இடத்தில் யாருக்குமே போவதில்லை.

பிபி ஏன் ஏறுவதில்லை? அட்ரினலினும் நார்அட்ரினலினும் ரத்தக்குழாயைச் சுருக்க வேண்டுமானால் குழாய்ச் சுவரில் உள்ள ஏற்பிகள் அதற்குப் பதில் தர வேண்டும். அந்த ஏற்பிகளைத் தயார்நிலையில் வைத்திருப்பது கார்ட்டிசால். அது இல்லாவிட்டால் மருந்தின் வேகத்தை எவ்வளவு கூட்டினாலும் குழாய் தளர்ந்தே கிடக்கும். கல்லீரல் புதிதாகச் சர்க்கரை தயாரிப்பதற்கும் கார்ட்டிசால் வேண்டும். சின்னக் குழந்தையிடம் கிளைகோஜன் சேமிப்பு குறைவு என்பதால் சில மணி நேரம் பால் நின்றாலே சர்க்கரை இறங்கிவிடும். அதே சுரப்பி தரும், உப்பைப் பிடித்துவைக்கும் ஆல்டோஸ்டிரோனும் சேர்ந்து இல்லையென்றால் உப்பு சிறுநீரில் போய்க்கொண்டே இருக்கும், பொட்டாசியம் உள்ளே தேங்கும். கட்டிலருகில் நாம் காண்பவை எல்லாம் இந்த மூன்றின் விளைவுகள்தான்.

இனி வயதுவாரியாகப் போவதுதான் நல்லது. பச்சிளங்குழந்தையில் தேட வேண்டியது வேறு, இரண்டு வயதுக் குழந்தையில் தேட வேண்டியது வேறு.

முதல் மாதத்தில் முதலிடம் பிறவி அட்ரினல் மிகைவளர்ச்சிக்கு. இதில் தொண்ணூறு சதவீதத்துக்கும் மேல் 21-ஹைட்ராக்சிலேஸ் என்ற நொதியின் குறைபாடு. உலக அளவில் ஏறக்குறைய 15,000 பிறப்புகளுக்கு ஒன்று என்பார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் பல நகரங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பச்சிளங்குழந்தைகளைப் பரிசோதித்தபோது மொத்தத்தில் 5,762-க்கு ஒன்று என்று வந்தது. சென்னையில் மட்டும் 2,036-க்கு ஒன்று. இது பெற்றோர் இருவரிடமிருந்தும் வந்தால்தான் வெளிப்படும் மரபணு நோய். ஆகவே "சொந்தத்தில் கல்யாணமா?" என்ற கேள்வியும், "இதற்கு முன்னால் ஏதாவது குழந்தை தவறியிருக்கிறதா?" என்ற கேள்வியும் நம்மூரில் கட்டாயம் கேட்க வேண்டியவை. "மூத்த பையன் பதினஞ்சு நாள்ல வாந்தி எடுத்தே போயிட்டான்" என்று பாட்டி சொன்னால், பாதி நோயறிதல் அங்கேயே முடிந்துவிடுகிறது.

பெண் குழந்தையென்றால் பிறப்புறுப்பு ஆண்மைச் சாயலில் இருக்கும். பெரும்பாலும் யாராவது பிறந்த அன்றே கவனித்துவிடுவார்கள். சிக்கல் ஆண் குழந்தையில்தான். பார்க்க எல்லாம் சரியாக இருக்கும், பிரசவ வார்டிலிருந்து நல்லபடியாக வீட்டுக்குப் போகும். உப்பிழப்பு நெருக்கடி பொதுவாக இரண்டாம், மூன்றாம் வாரத்தில் வரும். தாய் சொல்வது ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும்: "பால் குடிக்கவே மாட்டேங்குது, குடிச்சாலும் கக்கிடுது, எடை ஏறவே இல்லை." பிறந்த எடையைப் பத்து, பதினான்கு நாளில் எட்டியிருக்க வேண்டிய குழந்தை அதற்கும் கீழே கிடக்கும். வாய் உலர்ந்திருக்கும், உச்சிக்குழி குழிந்திருக்கும், ஆனால் நாப்கின் மட்டும் நனைந்துகொண்டே இருக்கும். உடல் வற்றியும் சிறுநீர் குறையவில்லை என்பது பலர் கவனிக்காமல் விடும் தடயம். சாதாரண வயிற்றுப்போக்கில் வற்றிய குழந்தைக்குச் சிறுநீர் சுண்டிவிடும்.

டயப்பரை அவிழ்த்து விரைப்பையைப் பாருங்கள். சுற்றியுள்ள தோலைவிடத் தூக்கலாகக் கருத்து, சுருக்கங்களில் மை பூசியது போல் இருக்கிறதா? மார்புக் காம்பைச் சுற்றிய வட்டமும் அப்படியே இருக்கிறதா? நம் குழந்தைகளின் தோல்நிறத்தில் இது ஏமாற்றும். விரைப்பை இயல்பாகவே கொஞ்சம் கருப்பாகத்தான் இருக்கும். குழந்தையின் தொடையோடும், பக்கத்தில் நிற்கும் அப்பா அம்மாவின் நிறத்தோடும் ஒப்பிட்டுத்தான் முடிவு சொல்ல வேண்டும். விதைகள் இரண்டும் கைக்குத் தட்டுப்படுகின்றனவா என்றும் தொட்டுப் பாருங்கள். ஆண் என்று பெயரெழுதி அனுப்பிய குழந்தைக்கு விதை இரண்டுமே தட்டுப்படாவிட்டால், அது முழுமையாக ஆண்மைச் சாயல் பெற்ற பெண் குழந்தையாக இருக்கக்கூடும்.

ரத்தத்தில் சோடியம் குறைவு, பொட்டாசியம் அதிகம், அமிலத்தன்மை, பல நேரம் சர்க்கரைக் குறைவு. இந்தக் கூட்டணி இருந்தால் வேறு நிரூபணம் தேவையில்லை, சிகிச்சை தொடங்கலாம். இங்கே இரண்டு பொறிகள். பொட்டாசியம் 7.5 என்று வந்ததும் "குதிகாலில் குத்தி எடுத்தது, ஹீமோலைஸ் ஆகியிருக்கும்" என்று ஒதுக்குவது ஒன்று. சோடியமும் கூடவே 120 என்று இருந்தால் அப்படி ஒதுக்கக் கூடாது. ரத்த அணுக்கள் உடைந்தால் பொட்டாசியம் ஏறும், சோடியம் இப்படி விழாது. இரண்டாவது பொறி, விடாத வாந்தியைப் பார்த்து இரைப்பை வாய்ச் சுருக்கம் என்று அறுவை மருத்துவரிடம் அனுப்புவது. அந்த நோயில் பொட்டாசியமும் குளோரைடும் குறைந்து ரத்தம் காரத்தன்மைக்குப் போகும். இங்கே நேர் எதிர். ஒரு ரத்த வாயுப் பரிசோதனை இரண்டையும் பிரித்துவிடும்.

இதே எண்களைக் காட்டி ஏமாற்றும் இன்னொரு நோய் உண்டு. சிறுநீர்ப்பாதை அடைப்போ பிறவிக் கோளாறோ உள்ள கைக்குழந்தைக்கு சிறுநீர்த் தொற்று வந்தால், சிறுநீரகம் தற்காலிகமாக ஆல்டோஸ்டிரோனுக்குப் பதில் தராமல் போகும். சோடியம், பொட்டாசியம், அமிலத்தன்மை எல்லாம் அச்சு அசலாக உப்பிழப்பு நெருக்கடி போலவே வரும். ஆகவே சிறுநீர் கல்ச்சரும் வயிற்று ஸ்கேனும் சேர்த்தே அனுப்ப வேண்டும். அவை வரும்வரை ஹைட்ரோகார்ட்டிசோனை நிறுத்தி வைக்கத் தேவையில்லை. பின்னால் கார்ட்டிசால் தாராளமாக இருப்பது தெரிந்தால் ஸ்டீராய்டை நிறுத்திவிட்டு, உப்பும் ஆன்டிபயாடிக்கும் தொடரலாம்.

கடினமான பிரசவம், மூச்சுத்திணறல், பெரிய எடை உள்ள குழந்தைகளில் அட்ரினலுக்குள் ரத்தக்கசிவு ஏற்படுவதுண்டு. வயிற்றில் கட்டி, நீடிக்கும் மஞ்சள் காமாலை, காரணம் தெரியாத ரத்தசோகை, சில சமயம் விரைப்பையில் நீல நிறம். ஸ்கேனில் தெரிந்துவிடும். ஒரு பக்கம் மட்டுமென்றால் பெரும்பாலும் குறைபாடு வராது, மறுபக்கச் சுரப்பி சமாளித்துக்கொள்ளும்.

பிட்யூட்டரி குறைபாடு வேறு முகத்தோடு வரும். இங்கே ஆல்டோஸ்டிரோன் சரியாக இருப்பதால் பொட்டாசியம் ஏறாது, தோல் கருக்காது. "பொட்டாசியம் நார்மல், ஆகவே அட்ரினல் இல்லை" என்று எழுதிவிடும் தவறு இங்கேதான் நடக்கிறது. சோடியம் மட்டும் குறையலாம். கார்ட்டிசால் இல்லாமல் உடலால் நீரை வெளியேற்ற முடிவதில்லை. தேட வேண்டியவை: பிறந்த முதல் நாட்களிலேயே திரும்பத் திரும்ப இறங்கும் சர்க்கரை, நீட்டி அளந்தால் 2.5 செ.மீ.க்கும் குறைவான ஆண்குறி, இணைந்த பிலிருபின் ஏறிய காமாலை வாரக்கணக்கில் நீடிப்பது, அண்ணப்பிளவு, நிலைகொள்ளாமல் அலையும் கண்கள். சர்க்கரைக்கு டெக்ஸ்ட்ரோஸ், காமாலைக்குக் கல்லீரல் பரிசோதனை, கண்ணுக்குக் கண் மருத்துவர் என்று மூன்றாகப் பிரித்து அனுப்பினால் யாருக்கும் நோய் தெரியாது. சேர்த்துப் பார்த்தால் விடை ஒன்றுதான். இக்குழந்தைக்குத் தைராய்டும் குறைந்திருந்தால் முதலில் ஹைட்ரோகார்ட்டிசோன், பிறகுதான் தைராக்ஸின். மாற்றிக் கொடுத்தால் கையிருப்பில் உள்ள கொஞ்ச கார்ட்டிசாலும் வேகமாகச் செலவாகி நெருக்கடி வந்துவிடும். ஸ்டீராய்டு தொடங்கியதும் சிறுநீர் வெள்ளமாகப் போகத் தொடங்கினால் மறைந்திருந்த டயபடீஸ் இன்சிபிடஸ் (சிறுநீரகம் நீரைப் பிடித்துவைக்க முடியாத நோய்) வெளிவருகிறது என்று பொருள். சோடியத்தை அடிக்கடி பாருங்கள்.

ஒரு வயதைத் தாண்டிய குழந்தையில் முதலில் கேட்க வேண்டியது மருந்து வரலாறு. வெளியிலிருந்து போன ஸ்டீராய்டால் ஒடுங்கிப்போன அட்ரினல்தான் இந்த வயதில் அதிகம் கண்ணில் படுவது. நெஃப்ரோட்டிக் சிண்ட்ரோமுக்கு (சிறுநீரில் புரதம் போகும் நோய்) ப்ரெட்னிசோலோன், வலிப்புக்கு ஏ.சி.டி.எச். (அட்ரினலை ஏவும் பிட்யூட்டரி ஹார்மோன்) ஊசியோ அதிக டோஸ் ப்ரெட்னிசோலோனோ, ரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சையில் டெக்ஸாமெத்தசோன். இவை சீட்டிலேயே எழுதியிருக்கும். எழுதாதவைதான் ஆபத்து. வீசிங்குக்கு அதிக டோஸ் இன்ஹேலர் மாதக்கணக்கில். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிய, க்ளோபெட்டசால் அல்லது பீட்டாமெத்தசோன் கலந்த கிரீமை நாப்கின் புண்ணுக்கு நாளுக்கு நான்கு முறை. டயப்பருக்குள் மூடிக் கிடக்கும் ஈரத் தோல் வழியே அந்த மருந்து கிட்டத்தட்ட விழுங்கியது போல உள்ளே போய்விடும். பசி கூட, உடல் தேற என்று யாரோ கொடுத்த பெயரில்லாப் பொடியிலும் ஸ்டீராய்டு இருக்கலாம். "ஸ்டீராய்டு கொடுத்தீர்களா?" என்று கேட்டால் இல்லை என்றுதான் பதில் வரும். "உடம்புக்கோ தோலுக்கோ எது போட்டாலும் கொண்டுவந்து காட்டுங்கள்" என்று கேளுங்கள்; பையோடு வரும். கன்னம் உப்பி, முகம் வட்டமாக, எடை ஏறி உயரம் ஏறாத குழந்தை ஷாக்கில் வந்தால், கேள்வி கேட்கும் முன்பே ஊசியைத் தயார் செய்யலாம். இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் போன ஸ்டீராய்டு எதுவும் சுரப்பியை ஒடுக்கக்கூடும். மீள மாதங்கள் ஆகலாம்.

இந்த வயதில் அரிதானவை சில. ஏ.சி.டி.எச்.-க்குச் சுரப்பி பதில் தராத பரம்பரை நோயில் குழந்தை நாளுக்கு நாள் கருத்துக்கொண்டே போகும், காலையில் வலிப்பு வரும், சர்க்கரை தரையில் இருக்கும். சோடியமும் பொட்டாசியமும் மட்டும் சரியாக இருக்கும். வலிப்பு நோய் என்று மாத்திரை கொடுத்து அனுப்பப்படும் குழந்தைகளில் இதுவும் உண்டு. "அழுதா கண்ணீரே வராது, விழுங்கக் கஷ்டப்படறா" என்று தாய் சொன்னால் ஆல்குரோவ் சிண்ட்ரோம் (இவற்றோடு அட்ரினல் குறைபாடும் சேர்ந்து வரும் பரம்பரை நோய்) என்று எண்ண வேண்டும். கருமையைத் தேடும்போது உள்ளங்கை ரேகை, விரல் மூட்டு, ஈறு, சமீபத்திய தழும்பு ஆகிய நான்கையும் பாருங்கள். நம்மில் பலருக்கு ஈறு பிறவியிலேயே கருப்பு; அதனால் தாயின் கையையும் குழந்தையின் கையையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைத்துப் பார்ப்பதுதான் நம்பகமான வழி.

காய்ச்சலோடு தோலில் ஊதாப் புள்ளிகள் மணிக்கு மணி பரவினால் மெனிங்கோகாக்கல் செப்சிஸில் இரு அட்ரினலும் ரத்தக்கசிவில் அழிவது நினைவுக்கு வர வேண்டும். 1911-ல் வாட்டர்ஹவுஸும் 1918-ல் ஃப்ரீடரிக்சனும் விவரித்தது இதைத்தான். ஆன்டிபயாடிக்கும் ஹைட்ரோகார்ட்டிசோனும் ஒரே கையில் போக வேண்டிய இடம் அது.

மருந்துகளால் வருவதையும் விடக் கூடாது. டியூப் போடும் முன் கொடுத்த எட்டோமிடேட் என்ற மயக்க மருந்து ஒரே டோஸிலேயே கார்ட்டிசால் உற்பத்தியை ஒரு நாள் அளவுக்குத் தடுக்கும். செப்டிக் ஷாக்கில் உள்ள குழந்தைக்கு அதைத் தவிர்ப்பதே சரி, கெட்டமின் இருக்கிறது. பூஞ்சை மருந்தான கீட்டோகோனசோல் உற்பத்தியைக் குறைக்கும். ரிஃபாம்பிசின், ஃபெனிட்டாயின், ஃபினோபார்பிட்டால் மூன்றும் கார்ட்டிசாலை வேகமாகச் சிதைக்கும். பலவீனமான சுரப்பியை வைத்துக்கொண்டு சமாளித்துவந்த குழந்தை, காசநோய் மருந்தோ வலிப்பு மருந்தோ தொடங்கிய சில வாரங்களில் சரிந்து விழலாம்.

இனி சாம்பிள். முதல் டோஸுக்கு முன் 3 மி.லி. ரத்தம் போதும். சாதாரணக் குழாயில் கார்ட்டிசால், 17-ஓ.எச்.பி. (21-ஹைட்ராக்சிலேஸ் குறைந்தால் ரத்தத்தில் தேங்கும் பொருள்), எலெக்ட்ரோலைட், முடிந்தால் இன்சுலினும். ஊதா மூடிக் குழாயில் ஏ.சி.டி.எச்.; அதை ஐஸில் வைத்து உடனே பிளாஸ்மா பிரிக்க வேண்டும், மேஜையில் அரை மணி கிடந்தால் ரிசல்ட் பொய்யாகிவிடும். ரெனினும் (உப்பு குறைந்தால் ஏறும் சிறுநீரக நொதி) செய்ய வசதி இருந்தால் சேர்க்கலாம். இரவில் லேப் இல்லையா? சீரத்தைப் பிரித்து உறைநிலைப் பெட்டியில் வைத்துவிடுங்கள், காலையில் அனுப்பலாம். கட்டில் அருகில் க்ளூக்கோமீட்டர் எண்ணை நேரத்தோடு எழுதுங்கள். சர்க்கரை 50-க்குக் கீழே இருக்கும் அந்த நொடியில் எடுத்த கார்ட்டிசாலுக்கு மதிப்பு அதிகம். டெக்ஸ்ட்ரோஸ் போன பிறகு எடுத்தால் அந்தத் தடயம் போய்விடும். நரம்பு கிடைக்காமல் எலும்புக்குள் ஊசி போட்டிருக்கிறீர்கள், ரத்தம் வரவில்லை என்றால் சாம்பிளுக்காகக் காத்திருக்காதீர்கள். மருந்தைப் போடுங்கள், நோயை உறுதிசெய்ய மரபணுச் சோதனை உட்பட வேறு வழிகள் பிறகும் உண்டு.

சிகிச்சையை ஒரு எடுத்துக்காட்டோடு சொல்கிறேன். பதினாறு நாள் ஆண் குழந்தை, பிறந்தபோது 3.1 கிலோ, இப்போது 2.6 கிலோ. நாடி மெலிந்திருக்கிறது, நெஞ்சில் அழுத்தி விட்டால் நிறம் திரும்ப ஐந்து விநாடி ஆகிறது. சர்க்கரை 38, சோடியம் 118, பொட்டாசியம் 8.

0.9% சலைன் கிலோவுக்கு 10 முதல் 20 மி.லி., அதாவது 26 முதல் 52 மி.லி. போட்டு மறுபடி பாருங்கள், தேவைப்பட்டால் திரும்பவும். 10% டெக்ஸ்ட்ரோஸ் கிலோவுக்கு 2 மி.லி., இங்கே 5 மி.லி., மெதுவாக, பதினைந்து நிமிடத்தில் சர்க்கரையைத் திரும்பப் பார்க்க வேண்டும். ஹைட்ரோகார்ட்டிசோன் ஒரு சதுர மீட்டருக்கு 50 முதல் 100 மி.கி. உடல் பரப்பளவுக்கு உயரம் அளக்க நேரமில்லையென்றால், எடையை நான்கால் பெருக்கி 7 கூட்டி, அதை எடையோடு 90 கூட்டிய எண்ணால் வகுங்கள். இக்குழந்தைக்கு 17.4-ஐ 92.6-ஆல் வகுத்தால் 0.19 சதுர மீட்டர். டோஸ் 10 முதல் 19 மி.கி. கணக்குப் போடக் கை நடுங்கும் நேரத்தில் பலர் நினைவில் வைத்திருப்பது: மூன்று வயதுக்குக் கீழ் 25 மி.கி., பன்னிரண்டு வயதுவரை 50, அதற்கு மேல் 100. கொஞ்சம் கூடப் போனாலும் முதல் டோஸில் பாதகமில்லை. 100 மி.கி. பொடிக் குப்பியில் 2 மி.லி. ஊசி நீரை விட்டுக் கலக்கினால் ஒரு மி.லி.யில் 50 மி.கி. இருக்கும், 25 மி.கி. என்பது அரை மி.லி. ஒரு மி.லி. சிரிஞ்சில் ஏற்றினால் தவறு வராது. நரம்பு கிடைக்கவில்லையா? தொடையில் தசைக்குள் போடுங்கள். அதன் பிறகு அதே அளவு, சதுர மீட்டருக்கு 50 முதல் 100 மி.கி., ஒரு நாள் முழுமைக்குமாக நான்காகப் பிரித்து. இவனுக்கு ஆறு மணிக்கொரு தரம் 2.5 முதல் 4.5 மி.கி. வரும்.

ஃப்ளூட்ரோகார்ட்டிசோன் (ஆல்டோஸ்டிரோனுக்கு மாற்றான மாத்திரை) இப்போது வேண்டாம். இந்த அளவு ஹைட்ரோகார்ட்டிசோனே உப்பைப் பிடிக்கும் வேலையையும் செய்துவிடும். வாய்வழிப் பால் தொடங்கி டோஸ் இறங்கும்போது அதைச் சேர்க்கலாம். டெக்ஸாமெத்தசோனை மாற்றாகப் போடாதீர்கள், அதற்கு உப்பைப் பிடிக்கும் குணம் இல்லை.

திரவத்தில் நடக்கும் ஒரு பெரிய தவறை அழுத்திச் சொல்ல வேண்டும். நம் வார்டுகளில் கைக்குழந்தைக்கு வழக்கமாக ஓடும் ஐசோலைட்-பி-யில் லிட்டருக்கு சோடியம் சுமார் 25, பொட்டாசியம் சுமார் 20 மில்லி ஈக்விவலன்ட். உப்பை இழந்து பொட்டாசியத்தில் மூழ்கிக் கிடக்கும் குழந்தைக்கு அதை ஓட்டுவது எரியும் வீட்டில் எண்ணெய் ஊற்றுவது. 0.9% சலைனில் 5% டெக்ஸ்ட்ரோஸ் சேர்த்த திரவம்தான் இங்கே சரி. சர்க்கரை நிற்கவில்லையென்றால் டெக்ஸ்ட்ரோஸை 10% ஆக்கலாம்.

பொட்டாசியம் 8 என்றதும் அதை இறக்க இன்சுலினைத் தேடிப் போகிறவர்கள் உண்டு. சர்க்கரை தயாரிக்கவே வழியில்லாத குழந்தைக்கு இன்சுலின் மிக ஆபத்து. ஈ.சி.ஜி.யில் மாற்றம் இருந்தால் 10% கால்சியம் குளூக்கோனேட் கிலோவுக்கு 0.5 முதல் 1 மி.லி. மெதுவாக, இதயத்துடிப்பைப் பார்த்துக்கொண்டே. மற்றபடி சலைனும் ஹைட்ரோகார்ட்டிசோனுமே பொட்டாசியத்தை இறக்கிவிடும். சோடியத்தைப் பொறுத்தவரை பயம் எதிர்ப்பக்கம். கார்ட்டிசால் போனதும் சிறுநீரகம் தேக்கி வைத்த நீரைக் கொட்டத் தொடங்கும். சோடியம் நாம் நினைப்பதைவிட வேகமாக ஏறும். இருபத்து நான்கு மணி நேரத்தில் 8 முதல் 10-க்கு மேல் ஏற விடாதீர்கள். ஆரம்பத்தில் நான்கு மணிக்கொரு தரம் பாருங்கள். வலிப்பு வந்தால் மட்டும் 3% சலைன்.

உண்மையான குறைபாடாக இருந்தால் பதில் கண்கூடாகத் தெரியும். சில மணி நேரத்தில் கைகால் சூடாகும், அட்ரினலின் வேகத்தைக் குறைக்க முடியும், சர்க்கரை நிற்கும். இந்த வேகமே ஒரு தடயம்தான், ஆனால் முழு நிரூபணம் ஆகாது. செப்டிக் ஷாக்கிலும் ஸ்டீராய்டு பிபியைக் கொஞ்சம் தூக்கும்.

இப்போது எண்ணுக்கு வரலாம். ஷாக்கிலோ கடும் சர்க்கரைக் குறைவிலோ எடுத்த கார்ட்டிசால் டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமுக்குக் கீழே இருந்தால் குறைபாடு ஏறக்குறைய உறுதி. 18-க்கு மேல், அதாவது சுமார் 500 நானோமோல் தாண்டினால், முதல் வகைக் குறைபாடு இருக்க வாய்ப்பு குறைவு. நடுவில் உள்ளதெல்லாம் சாம்பல் நிலம். அங்கே குழந்தையைப் பார்த்துத்தான் முடிவு. "காலை எட்டு மணிக்கு எடுக்கவில்லையே" என்ற கவலை இங்கே பொருந்தாது. முதல் சில மாதங்களில் கார்ட்டிசாலுக்குக் காலை, மாலை ஏற்ற இறக்கமே நிலைப்பட்டிருக்காது. கடும் நோயில் பெரியவர்களுக்கும் அது மறைந்துவிடும்.

எண்ணைப் பொய்யாக்குபவை பல. ரத்தத்தில் உள்ள கார்ட்டிசாலில் தொண்ணூறு சதவீதம் புரதத்தோடு ஒட்டியிருக்கும். லேப் அளப்பது மொத்தத்தை. கடும் நோயில், அல்புமின் 2-க்குக் கீழே போன குழந்தையில், மொத்தம் குறைவாகக் காட்டும். வேலை செய்யும் தனிக் கார்ட்டிசால் போதுமான அளவு இருக்கலாம். ப்ரெட்னிசோலோனோ ஹைட்ரோகார்ட்டிசோனோ போயிருந்தால் பரிசோதனை அதையும் கார்ட்டிசால் என்றே எண்ணிக் கூட்டிக் காட்டும். டெக்ஸாமெத்தசோன் அப்படிக் கலக்காது. 17-ஓ.எச்.பி. டெசிலிட்டருக்கு 10,000 நானோகிராமைத் தாண்டினால் பிறவி மிகைவளர்ச்சி என்று நம்பலாம்; குறைமாதக் குழந்தையிலும் கடும் நோயிலும் நோயில்லாமலே இது ஓரளவு ஏறும் என்பதால் சிறிய ஏற்றத்துக்கு முடிவு கட்ட வேண்டாம்.

தூண்டல் சோதனை (ஏ.சி.டி.எச். கொடுத்துச் சுரப்பி பதில் தருகிறதா என்று பார்ப்பது) குழந்தை நிலைப்பட்ட பிறகு செய்ய வேண்டியது. செயற்கை ஏ.சி.டி.எச். பச்சிளங்குழந்தைக்குக் கிலோவுக்கு 15 மைக்ரோகிராம், இரண்டு வயதுவரை மொத்தமாக 125 மைக்ரோகிராம், அதற்கு மேல் மொத்தமாக 250. தொடக்கத்திலும் 30, 60 நிமிடங்களிலும் ரத்தம். முந்தைய ஹைட்ரோகார்ட்டிசோன் டோஸிலிருந்து போதிய இடைவெளி விட வேண்டும். பிட்யூட்டரி சமீபத்தில்தான் பழுதாகியிருந்தால் சுரப்பி இன்னும் சுருங்கியிருக்காது, சோதனை நார்மல் என்று வந்துவிடும். அந்த நார்மலை நம்பி மருந்தை நிறுத்தினால் விபரீதம்.

கேள்வியில் உள்ள குழந்தை இரண்டாம் வகையாகவும் இருக்கலாம்: முன்பு நோயில்லை, கருமை இல்லை, ஸ்டீராய்டு வரலாறு இல்லை, எலெக்ட்ரோலைட் பெரிய கோளாறில்லை, செப்சிஸ் மட்டும். தூண்டலுக்குப் பிறகு ஏற்றம் 9 மைக்ரோகிராமுக்குள் நின்றால் குறைபாடு என்று கணக்கிட்டால், ஐ.சி.யூ.வில் உள்ள குழந்தைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் அதில் விழுகிறார்கள். 2010-ல் கனடாவில் பல மையங்கள் சேர்ந்து செய்த ஆய்வில் இப்படித்தான் வந்தது. ஆனால் அந்த எண்ணை வைத்துப் பிரித்து ஸ்டீராய்டு கொடுத்தால் குழந்தை பிழைக்கும் என்று காட்டிய உறுதியான சான்று இல்லை. இந்தப் போதாமைக்கான 2017 வழிகாட்டுதலில் உள்ள 9 (தூண்டலுக்குப் பின் ஏற்றம்), 10 (ஏதேனும் ஒரு நேரத்தில் எடுத்த கார்ட்டிசால்) என்ற வரம்புகளும் பெரியவர்களை வைத்து வந்தவை. 2020-ல் வந்த குழந்தைகளுக்கான செப்சிஸ் வழிகாட்டுதல் தெளிவாகவே சொல்கிறது: திரவத்தாலும் பிபி மருந்தாலும் குழந்தை நிலைப்பட்டுவிட்டால் ஹைட்ரோகார்ட்டிசோன் வேண்டாம், நிலைப்படாவிட்டால் கொடுக்கலாம், கொடுக்காமலும் இருக்கலாம். சான்று பலவீனமானது என்பதால்தான் இப்படி இரண்டு பக்கமும் திறந்து வைத்திருக்கிறார்கள்.

என் கருத்து இது. திரவம் போதுமானது என்று உறுதிசெய்து, ஆன்டிபயாடிக் சரிதானா, சீழ் எங்கேனும் தேங்கியிருக்கிறதா, நெஞ்சுக்கூட்டில் காற்றடைப்போ இதயத் தசை பலவீனமோ இருக்கிறதா, கால்சியம் குறைந்திருக்கிறதா என்று பார்த்த பிறகும், இரண்டாவது பிபி மருந்தையும் கூட்டிக்கொண்டே போக வேண்டியிருந்தால், சாம்பிள் எடுத்துவிட்டு ஹைட்ரோகார்ட்டிசோன் தொடங்குவேன். தூண்டல் சோதனைக்காகக் காத்திருக்க மாட்டேன். பிபி மருந்துகள் நின்றதும் ஸ்டீராய்டையும் குறைத்து நிறுத்திவிடுவேன். டெங்கு ஷாக்குக்கு இது பொருந்தாது. அங்கே பிளாஸ்மா கசிவுதான் பிரச்சினை, ஸ்டீராய்டு அதை அடைக்காது. குறைமாதக் குழந்தையின் பிபி குறைவில், இண்டோமெத்தசினோடு ஹைட்ரோகார்ட்டிசோன் சேர்ந்தால் குடலில் ஓட்டை விழும் ஆபத்து உண்டு. இரண்டையும் ஒன்றாகக் கொடுக்காதீர்கள்.

முதல் வகை என்று உறுதியான குழந்தை ஐ.சி.யூ.வை விட்டுப் போகும்போது வேலை பாதிதான் முடிந்திருக்கிறது. அடுத்த காய்ச்சலில் அதே நெருக்கடி திரும்ப வரும். 38 டிகிரி தாண்டினால் தினசரி மாத்திரை இரண்டு மடங்கு, 39 தாண்டினால் மூன்று மடங்கு, காய்ச்சல் விட்ட மறுநாள் பழைய அளவு. மாத்திரை வாந்தியில் போனால் ஒரு முறை திரும்பக் கொடுக்கலாம்; மறுபடி போனால் வீட்டிலேயே தொடையில் ஹைட்ரோகார்ட்டிசோன் ஊசி, பிறகு மருத்துவமனை. குப்பியை உடைத்து, நீர் விட்டுக் கலக்கி, அரை மி.லி. இழுத்து, பொம்மையின் தொடையில் போடுவதைத் தாயும் தந்தையும் டிஸ்சார்ஜுக்கு முன் இரண்டு முறையாவது தங்கள் கையால் செய்து காட்ட வேண்டும். நோயின் பெயர், ஊசியின் அளவு, "சலைனும் ஹைட்ரோகார்ட்டிசோனும் உடனே கொடுக்கவும்" என்ற வரி ஆகியவற்றைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிய அட்டை ஒன்று குழந்தையோடு போகட்டும். நள்ளிரவில் வேறு ஊர் மருத்துவமனையில் முன்பின் தெரியாத டூட்டி டாக்டர் படிக்கப்போவது அந்த அட்டையைத்தான்.